சென்னையின் குட்டிக் காடுகள்: நடுவதற்கு ஆள் இருக்கு, காப்பதற்கு யாருக்கு அதிகாரம்?

கோட்டூர்புரத்தில் அடையாறு ஆற்றங்கரையை ஒட்டி ஒரு சின்னக் காடு இருக்கிறது. வண்டியில் போகிறவர்கள் ஏதோ ஒரு பூங்கா என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். 2006-ல் 'நிழல்' என்ற தன்னார்வ அமைப்பு அங்கே வேலையைத் தொடங்கும் முன்பு அது குப்பை மேடு. குப்பையை அள்ளி, மண்ணைச் சரிசெய்து, நம்ம ஊர் மரங்களாகப் பார்த்துப் பார்த்து நட்டார்கள். வார விடுமுறையில் வந்து களை எடுத்தவர்களில் பள்ளிப் பிள்ளைகள் உண்டு, ஓய்வுபெற்றவர்கள் உண்டு, ஐடி ஊழியர்கள் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரமே மூழ்கியது. கரையில் நிற்கும் இந்தக் காட்டுக்கு அதிலிருந்து தப்ப வழியே இல்லை. இன்றைக்கும் மரங்கள் நிற்கின்றன.

ஆனா ஒரு விஷயம். அந்த நிலம் பொதுப்பணித்துறையுடையது. மரத்தை வளர்த்தவர்கள் அனுமதியின் பேரில்தான் உள்ளே இருக்கிறார்கள், உரிமையின் பேரில் இல்லை. நாளைக்கே அரசுக்கு அந்த இடம் வேறு எதற்காவது தேவைப்பட்டால், இத்தனை வருடம் தண்ணீர் ஊற்றியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.

சமூகக் காடு வளர்ப்பு என்றால் மலையும் பழங்குடி கிராமமும்தான் நம் நினைவுக்கு வரும். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் இருப்பவர்களுக்கும் இதில் கேள்வி இருக்கிறது. ஒரு காட்டை அருகில் வாழும் மக்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்கிறோமே, பார்த்துக்கொள்வதற்கான அதிகாரத்தை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறோமா?

சென்னையில் காடே இல்லையே என்கிறீர்களா?

இருக்கு. இந்திய வன ஆய்வு நிறுவனம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடும் அறிக்கையின் 2021 பதிப்பில் பெருநகரங்களையும் தனியாக அளந்தார்கள். சென்னையின் 430 சதுர கிலோமீட்டரில் 22.70 சதுர கிலோமீட்டர் காடு என்று கணக்கு வந்தது. அதாவது 5.28 சதவீதம். இதே அறிக்கையில் மும்பைக்கு 25 சதவீதத்துக்கு மேல், ஹைதராபாத்துக்குச் சுமார் 13, பெங்களூருக்கு 7-க்குச் சற்றுக் குறைவு. 2011-ல் சென்னையின் கணக்கு 18 சதுர கிலோமீட்டர் என்பதால் பத்து ஆண்டில் கூடியிருக்கிறது என்று செய்திகளும் வந்தன.

இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்பது முக்கியம். செயற்கைக்கோள் படத்தில் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலம், அதில் குறைந்தது 10 சதவீதம் மரங்களின் மேல்விதானம் தெரிந்தால் போதும், அது 'காட்டுப் பரப்பு'. யாருடைய நிலம், என்ன மரம், இயற்கையாக வளர்ந்ததா நட்டதா என்று பார்ப்பதில்லை. தோப்பும் அதில் வரும், கல்லூரி வளாகமும் வரும். உங்கள் தெரு முனையில் அரை ஏக்கரில் நட்டு வளர்த்த அடர்காடு தனியாக நின்றால் இந்தக் கணக்கில் காடாக வராது. ஆக, சதவீதம் கூடியதை வைத்துக் காடு காப்பாற்றப்படுகிறது என்று சொல்லிவிட முடியாது.

நகரத்தின் நடுவே உண்மையான காடு என்று சொல்லத்தக்கது கிண்டிதான். சோழமண்டலக் கடற்கரைக்கே உரிய வெப்பமண்டல வறண்ட பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. 1910-ல் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. அப்போது 500 ஹெக்டேரைத் தாண்டிய பரப்பு. பிறகு ஐஐடிக்கு ஒரு பகுதி, தலைவர்களின் நினைவிடங்களுக்கு ஒரு பகுதி, இன்னும் சில நிறுவனங்களுக்கு என்று பிரித்துக் கொடுத்தார்கள். 1978-ல் தேசியப் பூங்கா ஆனபோது மிஞ்சியது சுமார் 270 ஹெக்டேர். கொடுத்த ஒவ்வொன்றும் நல்ல காரியத்துக்குத்தான், அதை மறுக்க முடியாது. காடு பெரும்பாலும் நல்ல காரியங்களுக்காகத்தான் குறைகிறது. வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தாரா என்பதுதான் கேட்க வேண்டியது. தேசியப் பூங்கா என்ற சட்டத் தகுதி வந்த பிறகுதான் பங்கு பிரிப்பது நின்றது.

சமூகக் காடு: சட்டம் என்ன கொடுக்கிறது?

பிரிட்டிஷ் காலத்திலிருந்து இந்தியாவில் காடு என்றால் வனத்துறை, மக்கள் என்றால் அத்துமீறுபவர்கள். 1988 தேசிய வனக் கொள்கை இந்தப் பார்வையைக் கொஞ்சம் மாற்றியது. 1990-ல் மத்திய அரசு கூட்டு வன மேலாண்மை என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 1997 முதல் ஜப்பானியக் கடனுதவியுடன் நடந்த காடு வளர்ப்புத் திட்டத்தில் ஊர்தோறும் கிராம வனக் குழுக்கள் அமைத்தார்கள். நாற்று நடுவது, தடுப்பணை கட்டுவது, சுழல் நிதிக் கடன் என்று வேலை நடந்தது. பல மலையடிவாரக் கிராமங்களில் அதனால் நன்மை இருந்தது. ஆனால் குழுவின் கணக்கும் முடிவும் பெரும்பாலும் வனத்துறை கையிலேயே இருந்தன. திட்டப் பணம் நின்றதும் குழுவும் படுத்துவிட்டது என்பது பல ஊர்களின் கதை.

2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் வேறு மாதிரி. காட்டைப் பாதுகாக்கவும் மீட்டெடுக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை உண்டு என்று அது சொல்கிறது. இங்கே திட்டத்துக்கு வேலையில்லை, உரிமைக்குத்தான் வேலை. திட்டத்தை அதிகாரி நிறுத்தலாம், உரிமையை நிறுத்த நீதிமன்றம் போக வேண்டும். மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா என்ற கோண்டு பழங்குடி கிராமம் 2009-ல் இந்தச் சட்டத்தின் கீழ் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்கு உரிமை பெற்றது. அப்போதும் மூங்கிலை வெட்டி வெளியே எடுத்துப்போக வனத்துறை ரசீது வேண்டும் என்று இழுபறி. 2011-ல் அன்றைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் போன நிகழ்ச்சியில்தான் அந்த ரசீதுப் புத்தகம் கிராம சபையின் கைக்கு வந்தது. பார்க்க ஒரு புத்தகம்தான். ஆனா விற்கிற முடிவும் வருமானமும் கிராமத்துக்கு வந்துவிட்டால் காட்டை அழிப்பது தன் பெட்டியைத் தானே உடைப்பது போல ஆகிவிடும் இல்லையா? நேபாளம் 1993-லேயே சட்டம் போட்டு இந்த வழியில் போனது. இன்று அங்கே 22,000-க்கும் அதிகமான பயனாளர் குழுக்கள் காடுகளை நிர்வகிக்கின்றன.

தமிழ்நாடு இதில் பின்தங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இந்தச் சட்டத்துக்கு எதிராக வழக்கு போடப்பட்டது. நீதிமன்ற அனுமதி இல்லாமல் பட்டா வழங்கக் கூடாது என்ற இடைக்கால உத்தரவு வந்தது. அந்தத் தடை உச்ச நீதிமன்றத்தில் 2016-ல்தான் விலகியது. எட்டு வருடம்! மற்ற மாநிலங்களில் உரிமைப் பத்திரம் வாங்கிக்கொண்டிருந்தபோது கூடலூரிலும் ஆனைமலையிலும் மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

சரி, நகரத்துக்கு இதில் என்ன?

வன உரிமைச் சட்டத்தின் உயிர் கிராம சபை. சென்னையில் கிராம சபை கிடையாது. காட்டை நம்பிப் பிழைக்கும் பழங்குடியும் அடையாறில் இல்லை. அதனால் அந்தச் சட்டத்தை அப்படியே தி.நகருக்குக் கொண்டுவரச் சொல்லி யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. ஆனா அதன் பின்னால் இருக்கும் யோசனை நகரத்துக்கும் பொருந்தும். தினமும் பார்க்கிறவர்தான் முதலில் கவனிப்பார்: கிளை பட்டுப்போனால், வேரில் சிமென்ட் கொட்டினால், ராத்திரியில் யாராவது ரம்பத்தோடு வந்தால். கவனிப்பவர் கையில் ஒரு அதிகாரமும் இல்லாவிட்டால் அது வெறும் புலம்பலாகவே முடியும்.

அடையாறு பக்கம் காட்டைக் காப்பவர்கள் மூன்று விதம். கோட்டூர்புரம் மாதிரி தன்னார்வலர்கள் ஒன்று. தனியார் நிறுவனம் இன்னொன்று. 1882-ல் 27 ஏக்கரோடு தொடங்கிய பிரம்மஞான சபை, இன்று 250 ஏக்கருக்கும் மேற்பட்ட தோப்பைச் சுவருக்குள் வைத்திருக்கிறது. அங்குள்ள பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்தது. விழுதுகள் இன்னும் நிற்கின்றன. அந்தச் சுவர் மட்டும் இல்லையென்றால் அந்த இடத்தில் இன்று எத்தனை மாடி எழுந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது அரசு. பட்டினப்பாக்கம் பக்கம், அடையாற்றின் உப்பங்கழியில் இருக்கும் தொல்காப்பியப் பூங்கா இதற்கு உதாரணம். அந்த நிலம் கட்டடத்துக்குப் போகாமல் தப்பியதில் நீதிமன்றம் போன குடிமக்கள் அமைப்புகளின் பங்கு பெரியது. முதல் கட்டமாக 58 ஏக்கரை ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் குழுவின் வழிகாட்டலில் மீட்டார்கள். இடிபாடுகளை அள்ளி, நீர்நிலைகளைத் தோண்டி, இந்தக் கரைக்கே உரிய மரங்களை நட்டு, 2011 ஜனவரியில் திறந்தார்கள். வேலை தரமானது. பறவைகள் திரும்பின. ஆனால் திறந்த பிறகு பல ஆண்டுகள் அது நினைத்த நேரத்தில் உள்ளே போய்வரக்கூடிய இடமாக இருக்கவில்லை. பள்ளி மாணவர்களுக்கான சுற்றுச்சூழல் கல்வி, முன்கூட்டியே பதிவு என்று கட்டுப்பாடு. ஆரம்பத்தில் காட்டுக்கு அது நல்லதுதான். ஆனால் சுற்றுச்சுவருக்கு வெளியே இருப்பவருக்கு உள்ளே நடப்பது அவர் விஷயம் இல்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வழக்கு போட்டது மக்கள், சாவி வைத்திருப்பது அரசு.

நடுவது சுலபம், மூன்று கோடையைத் தாண்டவைப்பதுதான் கஷ்டம்

2020-ல் சென்னை மாநகராட்சி கோட்டூர்புரத்திலேயே மியாவாக்கி முறையில் தன் முதல் அடர்காட்டை வளர்க்கத் தொடங்கியது. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி உருவாக்கிய முறை இது: சின்ன இடத்தில் பலவகை உள்ளூர் மரக்கன்றுகளை நெருக்கி நடுவது. வெளிச்சத்துக்குப் போட்டிபோட்டுக்கொண்டு வேகமாக உயரும். பிறகு நகரின் பல இடங்களுக்கு இது பரவியது. அதே ஆண்டு மத்திய அரசும் புனேயின் வார்ஜே பகுதியில் வனத்துறையும் மக்களும் சேர்ந்து தரிசு மேட்டைக் காடாக்கியதை முன்மாதிரியாகக் காட்டி, 200 நகர்வனங்கள் என்ற திட்டத்தை அறிவித்தது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசின் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் வந்தது. மாநிலத்தின் பசுமைப் பரப்பைச் சுமார் 24 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக்குவது அதன் இலக்கு.

மூன்றுமே நல்ல முயற்சி. மூன்றிலும் செய்தி வருவது நடுகிற அன்றைக்கு. அமைச்சரோ மேயரோ வருவார், கன்று, மண்வெட்டி, புகைப்படம். சென்னையில் ஒரு கன்று பிழைப்பது அதற்கடுத்த மூன்று கோடையில்தான் தீர்மானமாகும். ஏப்ரல், மே, ஜூனில் யார் தண்ணீர் ஊற்றுவது? கூண்டு வளைந்தால் யார் நிமிர்த்துவது? ஒப்பந்தக்காரரின் பராமரிப்புக் காலம் முடிந்த மறுநாள் யாருடைய பொறுப்பு?

வளர்ந்த மரங்களின் நிலை இதைவிட மோசம். 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் அடித்தபோது நகரம் முழுக்கப் பல்லாயிரம் மரங்கள் சாய்ந்தன. நிழலுக்காகவும் பூவுக்காகவும் நாம் வரிசையாக நட்ட குல்மோகர், இயல்வாகை போன்ற வெளிநாட்டு மரங்கள் அதில் நிறைய. அவற்றையே குறை சொல்லி முடித்துவிட்டோம். ஆனால் நடைபாதை சிமென்ட் தண்டு வரைக்கும் நெருக்கியிருந்தால், ஒரு பக்கத்து வேரைக் கேபிளுக்காகவும் மறுபக்கத்து வேரை வடிகாலுக்காகவும் வெட்டியிருந்தால், வேம்பும்கூடச் சாயத்தான் செய்யும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு சிமென்ட் போடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே டெல்லி வழக்கில் சொன்னது. தி.நகரின் உள்தெருக்களில் ஒரு நடை போய்ப் பாருங்கள், எத்தனை மரத்துக்கு ஒரு மீட்டர் மண் மிச்சமிருக்கிறது என்று எண்ணலாம். (1920-களில் நீண்ட ஏரி ஒன்றைத் தூர்த்து எழுந்த ஊர் தி.நகர். அந்த ஏரியின் நினைவு இப்போது சாலைப் பெயரில் மட்டும்.)

மெட்ரோவின் இரண்டாம் கட்டம் சுமார் 119 கிலோமீட்டர். அதில் இரண்டு வழித்தடங்கள் மயிலாப்பூரில் சந்திக்கின்றன. ஒன்று மந்தைவெளி, அடையாறு, திருவான்மியூர் பக்கம் போகிறது. மற்றொன்று நந்தனம், பனகல் பூங்கா வழியாக மேற்கே போகிறது. பனகல் பூங்காவின் ஒரு பகுதி நிலையப் பணிக்குப் போனது. மெட்ரோ வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. பெட்ரோல் புகை குறைந்தால் அதுவும் மரத்துக்குச் சமம்தான். ஆனால் வெட்டிய ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்ற ஈடு எங்கே நடப்படுகிறது? இடம் கிடைக்கிற இடத்தில், பெரும்பாலும் நகரத்தின் ஓரத்தில். கணக்கு நேராகிவிடும். பாண்டி பஜாரில் வெயிலில் நின்று பூ விற்பவருக்கு அந்தப் பத்தில் ஒன்றின் நிழலும் கிடைக்காது.

வெட்டுவதைத் தடுக்கச் சட்டம் இல்லையா?

இங்கேதான் பலருக்கு ஆச்சரியம் வரும். மகாராஷ்டிராவில் நகர்ப்புற மரங்களுக்கென்றே 1975-ல் சட்டம் வந்தது. கர்நாடகாவில் 1976, டெல்லியில் 1994. அனுமதி இல்லாமல் வெட்டினால் தண்டனை, விண்ணப்பித்தால் பொதுமக்களிடம் ஆட்சேபம் கேட்பது என்று அந்த மாநிலங்களில் வழிமுறை இருக்கிறது. சரியாக நடக்கிறதா என்பது வேறு கதை. பெங்களூருவில் எந்த மேம்பாலத்துக்கும் வழக்கு போகிறது என்றால், வழக்கு போடுவதற்குச் சட்டத்தில் பிடிமானம் இருக்கிறது என்று அர்த்தம்.

தமிழ்நாட்டில் மரப் பாதுகாப்புக்கு ஒரு பழைய சட்டம் உண்டு, 1955-ம் ஆண்டினுடையது. அதன் பெயரிலேயே எல்லை இருக்கிறது: மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம். ஊட்டி, கொடைக்கானலுக்கு உதவும், உஸ்மான் சாலைக்கு உதவாது. சமவெளி நகரங்களுக்கு அதுபோல ஒரு தனிச் சட்டம் இல்லாமலேயே பல பத்தாண்டுகள் ஓடிவிட்டன. அந்த இடைவெளியை நிரப்ப 2021-ல் அரசாணை மூலம் மாநிலப் பசுமைக் குழுவும், ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழுக்களும் வந்தன. பொது இடத்து மரத்தை வெட்ட இந்தக் குழுவின் அனுமதி வேண்டும். முன்பு இருந்த நிலைக்கு இது பெரிய முன்னேற்றம். ஆனால் அரசாணைக்குச் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் பலம் கிடையாது. தவிர, மாவட்ட அளவில் கூடும் ஒரு குழுவுக்கும் மந்தைவெளியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் விழும் கோடாரிக்கும் இடையே தூரம் அதிகம்.

பூட்டாமல் வைத்திருக்கும் இரண்டு கதவுகள்

சட்டமே இல்லை என்று கையை விரிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே இருப்பதை நகரம் பயன்படுத்தவில்லை என்பதுதான் என் வாதம்.

முதல் கதவு 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம். ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்கிறது அதன் 41-வது பிரிவு. ஒவ்வொரு உள்ளாட்சி என்றால் ஊராட்சி மட்டுமல்ல, மாநகராட்சியும்தான். அந்தக் குழுவின் நியமன உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். அதன் முக்கிய வேலை, உள்ளூர் மக்களைக் கேட்டு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிப்பது: எந்த மரம் எங்கே நிற்கிறது, எந்தப் பறவை எப்போது வருகிறது, யாருக்கு அதைப் பற்றித் தெரியும் என்று. 2019-ல் பசுமைத் தீர்ப்பாயம் கெடு விதித்து, 2020 ஜனவரிக்குள் முடிக்காத மாநிலங்கள் மாதம் 10 லட்ச ரூபாய் கட்ட வேண்டும் என்று எச்சரித்தது. அபராதத்துக்குப் பயந்து நாடு முழுக்கப் பதிவேடுகள் அவசர அவசரமாக எழுதப்பட்டன. அவசரத்தில் எழுதிய பதிவேட்டில் மக்கள் எங்கே இருப்பார்கள்?

அதே சட்டம் மதுரை மாவட்டத்தில் என்ன செய்தது என்று பாருங்கள். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193 ஹெக்டேர் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அதை உள்ளடக்கிய பகுதிக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. சுற்றுவட்டார கிராம சபைகள் தீர்மானம் போட்டன. சட்டமன்றம் டிசம்பர் 9-ம் தேதி தீர்மானம் போட்டது. ஜனவரி 7-ல் ஆயிரக்கணக்கானவர்கள் மதுரைக்குப் பேரணியாக வந்தார்கள். ஜனவரி 23, 2025 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பாரம்பரியத் தலம் என்ற அறிவிப்பு மட்டும் சுரங்கத்தைத் தடுத்துவிடவில்லை, அது உண்மை. ஆனால் பேச ஆரம்பிக்க மக்களுக்கு ஒரு ஆவணம் இருந்தது, தீர்மானம் போட ஒரு சபை இருந்தது.

அரிட்டாபட்டி பெரிய இடம் என்பீர்கள். 2025-ல் இரண்டாவதாக அறிவிக்கப்பட்டது திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் கோயில் காடு. அதன் பரப்பு வெறும் 4.97 ஹெக்டேர். கருப்பசாமிக்குப் பயந்து ஊர் காத்துவந்த இடம். அளவு ஒரு தடையே இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கபாலீசுவரர் கோயிலுக்குள் தலமரமாக நிற்கும் புன்னை மேல் கை வைக்க மயிலாப்பூரில் யாருக்கும் தைரியம் வராது. தலமரம் என்ற ஒரு சொல்லே அதற்கு வேலி. தெருவில் நிற்கும் புன்னைக்கு அப்படி ஒரு சொல் கிடைக்க வேண்டுமானால் அது பதிவேட்டில்தான் கிடைக்கும்.

இரண்டாவது கதவு ஏரியா சபை. நகரத்தில் கிராம சபை இல்லை என்றேன். அதற்கு ஈடாகத் தமிழ்நாடு அரசு 2022-ல் வார்டு குழு, ஏரியா சபை விதிகளைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1-ம் தேதி உள்ளாட்சி தினத்தில் முதலமைச்சரே பம்மலில் நடந்த ஏரியா சபையில் உட்கார்ந்தார். சென்னையின் 200 வார்டுகளிலும் ஒவ்வொன்றையும் சிறு ஏரியாக்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஏரியாவின் பிரதிநிதிகள் நியமனம்தான், தேர்தல் இல்லை என்ற குறை நியாயமானது. கூட்டம் நடப்பதே பலருக்குத் தெரிவதில்லை என்பதும் உண்மை. இருந்தாலும் ஒரு தெரு மக்கள் ஒன்றாக உட்கார்ந்து எழுத்தில் ஒன்றைக் கேட்கக்கூடிய ஒரே அதிகாரபூர்வ இடம் இன்றைக்கு அதுதான். இப்போதைக்குக் குடிநீரும் குப்பையும் தெருவிளக்கும் பேசுகிறார்கள். மரமும் பேசலாம்.

'சமூகம்' என்றால் யார்?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. நகரத்துப் பசுமை இயக்கங்களில் காலை நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களின் குரல் உரக்கக் கேட்கும். ஆற்றங்கரையில் குடிசையில் இருந்தவரின் குரல் கேட்காது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றின் கரைகளில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். வெள்ள ஆபத்து உண்மைதான். ஆனால் வீடு இருந்த கரையில் பசுமை வேலியும் நடைபாதையும் வந்தபோது, அங்கே முப்பது நாற்பது வருடம் வாழ்ந்தவர்கள் 20 கிலோமீட்டர் தள்ளி, வேலையையும் பள்ளியையும் தேடிக்கொண்டிருந்தார்கள். முகத்துவாரத்தில் ஊரூர் குப்பத்திலும் சீனிவாசபுரத்திலும் இருக்கும் மீனவர்களுக்கு எந்த மாதத்தில் எந்த நீர் உள்ளே ஏறும், எங்கே அலையாத்தி பிடிக்கும் என்று தெரியும். கழிமுகத்தை மீட்கும் திட்டத்தில் அவர்கள் கன்று நடும் கூலிகளா, முடிவெடுக்கும் குழுவில் உறுப்பினர்களா? மேந்தா லேகாவில் காடு பிழைத்தது அதை நம்பிப் பிழைத்தவர்கள் கையில் அது இருந்ததால். சென்னையில் அதே வேலையைக் குடியிருப்போர் நலச் சங்கங்களிடம் மட்டும் கொடுத்தால், காடு அழகான சுற்றுச்சுவராகிவிடும் ஆபத்து இருக்கிறது. பல்லுயிர்க் குழுவில் ஒரு நாற்காலி குப்பத்துக்கும், ஒன்று தெருவோர வியாபாரிக்கும் என்று மாநகராட்சி எழுதிவைத்தால் செலவு எதுவும் ஆகாது.

இப்போது என்ன கேட்கலாம்?

உங்கள் வார்டில் அடுத்த ஏரியா சபை எப்போது என்று கவுன்சிலர் அலுவலகத்தில் விசாரியுங்கள். தேதி சொல்லத் தயங்கினால், அதையே எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். கூட்டத்தில் மூன்று விஷயத்தைத் தீர்மானமாக வைக்கலாம். உங்கள் பகுதியின் மரங்களும் குட்டிக் காடுகளும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏறியிருக்கின்றனவா, அந்தப் பக்கத்தின் நகல் வேண்டும் என்பது ஒன்று. வடிகால், கேபிள், மெட்ரோ வேலைக்காக மரம் வெட்ட விண்ணப்பம் வந்தால் பசுமைக் குழு முடிவெடுக்கும் முன் அந்த ஏரியா சபைக்குத் தகவல் வர வேண்டும் என்பது இன்னொன்று. கோட்டூர்புரம் போல மக்கள் வளர்த்த காடுகளுக்கு நில உரிமைத் துறை, மாநகராட்சி, வளர்த்தவர்கள் மூவரும் கையெழுத்திட்ட, பத்து வருடத்துக்குக் குறையாத ஒப்பந்தம் வேண்டும் என்பது மூன்றாவது.

தீர்மானம் மினிட் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டே எழுந்திருங்கள். அதன் நகல் கையில் இருந்தால், நாளைக்கு ரம்பம் வரும் அன்று ஆட்சியர் அலுவலகத்திலும், தேவைப்பட்டால் சேப்பாக்கம் கலச மஹாலில் இருக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்விலும் அதை நீட்டலாம்.